ஒற்றை முள்ளும் ஐந்து முள்ளும்

வில் வேட்டைப் பருவத்தின் முதல் சனிக்கிழமை காலை, டோலெஃப்சன் காட்டுக் கொட்டகையின் முன்னால் நின்றவர்கள்:

ஆர்விட் டோலெஃப்சன். எண்பது ஏக்கர் காட்டுக்கும் கொட்டகைக்கும் சொந்தக்காரர். எழுபதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதுதான் அங்கே சட்டம்.

கர்ட். அவர் மகன். சாலை போடும் நிறுவனத்தில் மேற்பார்வையாளன். வில்லைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பவன். பாதி சரிதான்.

ரோண்டா. அவர் மகள். நால்வரில் நன்றாகக் குறி வைப்பவள் அவள்தான். அதை அவள் சொல்லிக்கொண்டதில்லை, மற்றவர்களும் சொன்னதில்லை.

லைல் புஷ்கே. ரோண்டாவின் முன்னாள் கணவன். பாலாடைக்கட்டி ஆலையில் இரவு ஷிப்ட். அன்று வேலை முடித்த கையோடு, தூங்காமல் வந்திருந்தான்.

இவர்கள் தவிர, அங்கே இல்லாத ஒன்றும் இருந்தது. போன வருடம் லைல் அம்பால் அடித்து, பின்பு தொலைத்துவிட்ட கலைமான். அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஆனால் நால்வருக்கும் நடுவில் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அந்த மானைத் தொலைத்ததற்குக் காரணம் கேட்டால் லைல் தன் வில்லில் இருந்த குறிகாட்டியைச் சொல்வான். குறிகாட்டி என்பது வில்லின் மேல் திருகியிருக்கும் வளையம். அதற்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து முட்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒளிரும் பச்சைப் புள்ளி. மேல் முள் இருபது கெஜத்துக்கு, அடுத்தது முப்பதுக்கு, அதற்கடுத்தது நாற்பதுக்கு, இப்படி. மான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அந்த முள்ளை அதன் நெஞ்சில் வைத்து அம்பை விடவேண்டும். கேட்க எளிது. பொழுது சாயும் நேரத்தில், கொம்போடு ஒரு மான் முன்னால் வந்து நிற்கும்போது, நெஞ்சு அடிக்கிற அடியில், முப்பது கெஜத்து மானுக்கு லைல் இருபது கெஜத்து முள்ளை வைத்தான். அம்பு கீழே இறங்கி வயிற்றில் பாய்ந்தது. மறுநாள் அவர்கள் கண்டெடுத்தபோது ஓநாய்கள் முந்திக்கொண்டு தின்று முடித்திருந்தன.

அன்று ஆர்விட் சொன்னது ஒரே வாக்கியம். "இன்னொரு மானைத் தொலைச்சா, நீ இங்க வரவேண்டாம்."

விவாகரத்தில் வீடும் நாயும் ரோண்டாவுக்குப் போயிருந்தன. காட்டைப் பற்றி வக்கீல்கள் யாரும் கேட்கவில்லை. அதனால் லைல் வந்துகொண்டே இருந்தான். ஆலையில் அவன் பக்கத்தில் நிற்பது இயந்திரம். வீட்டில் பகலெல்லாம் திரை போட்ட அறை. அவன் வரவில்லை என்றால் "எங்கே காணோம்" என்று கேட்கிற ஆட்கள் உலகத்தில் இந்தக் கொட்டகையில் மட்டும்தான் இருந்தார்கள். கேட்பது பெரும்பாலும் திட்டுவதற்குத்தான் என்றாலும்.

ஆகவே இந்த வருடம் அவன் ஐந்து முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் வாங்கிப் பொருத்தியிருந்தான். இதில் ஒரே முள். பக்கத்தில் ஒரு சக்கரம். மான் முப்பத்தைந்தில் நின்றால் சக்கரத்தை முப்பத்தைந்துக்குத் திருப்பவேண்டும். முள் அதற்கேற்ப இறங்கும். தவறான முள்ளை வைக்க வழியே இல்லை, இருப்பதே ஒன்றுதான்.

கர்ட் அதைப் பார்த்ததும் சிரித்தான்.

"என்னடா இது, பழைய ரேடியோவுல ஸ்டேஷன் திருப்புற மாதிரி? மான் வந்து நின்னா என்ன சொல்லுவ? 'கொஞ்சம் இரு தாயி, உன் அலைவரிசையைப் பிடிச்சுக்கறேன்'னா?"

"அஞ்சு முள்ளு வெச்சிருக்க நீ போன வருஷம் என்னத்தடா கிழிச்ச?"

"நான் எதையும் தொலைக்கல, முன்னாள் மாப்ள."



அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். வண்டியிலிருந்து சாமான் இறக்கும் முன், கை சூடேறும் முன், ஒவ்வொருவரும் ஒரே ஒரு அம்பு விடவேண்டும். வைக்கோல் கட்டில் ஒரு காகிதத் தட்டு. தூரத்தை ஆர்விட் சொல்வார். தட்டைத் தவறவிட்டவர் அந்த வாரம் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறக்கூடாது, சமைத்துப் போடவேண்டும். மான் உனக்கு ரெண்டாவது அம்பு தராது என்பது அதற்கு அவர்கள் சொல்லும் நியாயம்.

"முப்பத்தி மூணு," என்றார் ஆர்விட்.

கர்ட் இரண்டாவது முள்ளுக்கும் மூன்றாவது முள்ளுக்கும் இடையில் கண்ணால் தேடி, தட்டின் விளிம்பில் அடித்தான். ரோண்டா நடுவில் அடித்தாள். லைல் சக்கரத்தை முப்பத்து மூன்றில் நிறுத்தி, முள்ளைத் தட்டின் நடுவில் வைத்து, விட்டான். ரோண்டாவின் அம்பை உரசிக்கொண்டு நின்றது.

"ரேடியோ பாடுதே," என்றாள் ரோண்டா.

ஆர்விட் மட்டும் அன்று அம்பு விடவில்லை. தோள் பிடித்திருக்கிறது என்றார். கொட்டகை அவருடையது. யாரும் கேட்கவில்லை.

*

அக்டோபர் முழுக்க லைலுக்கு ஒன்றும் அமையவில்லை. ஒருமுறை மட்டும் அமைந்தது. நல்ல கொழுத்த பெட்டை மான், இருபது கெஜத்தில் வந்து, தலையைக் குனிந்து ஓக் கொட்டை தின்றது. அவன் வில்லை இழுக்கும் முன் அது நகர்ந்தது. முப்பது இருக்கும், அல்லது அதற்கும் மேல். சக்கரத்தைத் திருப்பக் கையை அசைத்தான். மான் நிமிர்ந்து நேராகப் பரணைப் பார்த்தது. அவ்வளவுதான். வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

ஐந்து முள் இருந்திருந்தால் கையை அசைத்திருக்க வேண்டாம். அது அவனுக்குத் தெரியும். ஒற்றை முள்ளில் தவறான முள் கிடையாது, நேரமும் கிடையாது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியிருக்கிறது.

கொட்டகையில் சொன்னபோது கர்ட் மேசையைத் தட்டிச் சிரித்தான். ரோண்டா சிரிக்கவில்லை. பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் காய்ச்சிய சில்லியைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"அதுதானே உனக்கு வேணும்?"

"எது?"

"மான் தப்பிச்சுப் போகணும். ஆனா நீ விட்ட மாதிரி இருக்கக்கூடாது. நீ அந்த முள்ளை வாங்கினது அடிக்கறதுக்கு இல்ல லைல். அடிக்காம இருக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்னு வாங்கின."

"நான் தொலைச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். பயந்துகிட்டு பரண்ல உட்காரறதுக்கு வீட்ல உட்காரலாம். அங்க குளிராது."

அவளோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவன் அவன். அவள் சொல்வது சரியாக இருக்கும்போது பதில் சொல்லக்கூடாது என்று கற்றுக்கொள்ள அத்தனை வருடமும் ஆயிற்று. சில்லியைத் தின்றான்.

*

நவம்பர் பிறந்தது. கலைமான்கள் பெட்டைகளைத் துரத்திக்கொண்டு பகலிலேயே ஓடத் தொடங்கிய வாரம். ஒரு புதன்கிழமை பிற்பகல் லைல் தூங்கி எழுந்து கொட்டகைக்கு வந்தபோது ஆர்விட் மட்டும் தனியாக இருந்தார். தன் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடையதும் ஐந்து முள்.

"உன் வில்லைக் குடு," என்றார்.

கொடுத்தான். அவர் எழுந்து வாசலுக்குப் போய், நாணை இழுக்காமல் வளையத்தின் வழியே வைக்கோல் கட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதான் தெரியுது."

"ஒண்ணுதான் இருக்கு."

"அதைத்தான் சொல்றேன்." வில்லைத் தாழ்த்தினார். "என்னுதுல அஞ்சும் ஒண்ணாக் குழைஞ்சு போயிடுது. வெயில்ல பனிக்கட்டி ஒழுகின மாதிரி ஒரே பச்சையா ஒழுகுது. எது இருபது, எது முப்பதுன்னு தெரியல."

முதல் நாள் அவர் அம்பு விடாமல் தோளைக் காரணம் சொன்னது ஏன் என்று லைலுக்கு இப்போது புரிந்தது.

"டாக்டர்கிட்ட..."

"போனா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். கர்ட்டுக்குத் தெரிஞ்சா வில்லைப் பிடுங்குவான். ரோண்டாவுக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவியைப் பிடுங்குவா. அப்புறம் நான் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து அணிலை எண்ணிக்கிட்டு இருக்கணும்." அவனை நேராகப் பார்த்தார். "இந்த வருஷம் மட்டும் அதை எனக்குக் குடு. யார்கிட்டயும் சொல்லாதே."

அவர் அவனிடம் எதையும் கேட்டதில்லை. பெண் கேட்டுப் போனபோதும், பெண் வேண்டாம் என்று விலகியபோதும், மானைத் தொலைத்தபோதும் சொல்லத்தான் செய்தார். இப்போது கேட்டார். லைல் அப்போதே திருகாணியைக் கழற்றினான்.

இரண்டு திருகாணி. கழற்றி மாட்டுவது ஒரு வேலையே இல்லை. இருபது கெஜத்தில் நின்று ஆர்விட் அம்பு விட, லைல் முள்ளை மேலும் கீழும் தள்ளி, தட்டின் நடுவில் விழும்வரை சரிசெய்தான். கிழவர் இருபதில் இன்னும் நன்றாகத்தான் அடித்தார். மூன்று அம்பை ஒரு கையகல இடத்துக்குள் நட்டார்.

பிறகுதான் லைலுக்குப் பட்டை ஞாபகம் வந்தது.

சக்கரத்தின் மேல் எண்கள் அச்சடித்த ஒரு மெல்லிய பட்டை ஒட்டியிருக்கும். அது ஒவ்வொரு வில்லின் வேகத்துக்கும் வேறு. லைலின் வில் விறைப்பானது, அம்பு பறக்கும். ஆர்விட்டின் வில்லை வயதுக்காகத் தளர்த்தியிருந்தார்கள். அம்பு மெதுவாகப் போகும், சீக்கிரம் விழும். இருபதில் இரண்டும் ஒன்றுதான். முப்பதைத் தாண்டினால் லைலின் பட்டை ஆர்விட்டின் வில்லுக்குப் பொய் சொல்லும்.

"பட்டையை மாத்தணும், ஆர்விட். வேற பட்டை வீட்ல கிடக்கு. நாளைக்குக் கொண்டுவரேன்."

"எதுக்கு? இருபதுக்கு மேல நான் விடமாட்டேன். சக்கரத்தையே தொடமாட்டேன்."

"இல்ல, ஒருவேளை..."

"தொடமாட்டேன்னு சொன்னேன்."

லைல் விட்டுவிட்டான். மறுநாள் வீட்டு மேசை இழுப்பறையிலிருந்து பட்டைகள் அடங்கிய தாளை எடுத்து வண்டியில் போட்டான். அதை அவரிடம் கொடுக்கவில்லை. இருமுறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கக்கூட விரும்பவில்லை. அன்று அவன் செய்த தவறு அதுதான்.

ஆர்விட்டின் வில்லில் ஒற்றை முள்ளைக் கண்டு கர்ட் கேட்டபோது, "லைல் தொல்லை தாங்கல, பார்க்கலாம்னு வாங்கினேன்," என்றார் அவர். தன் வில்லில் பழைய ஐந்து முள்ளைத் திரும்ப மாட்டியிருந்த லைல் சும்மா இருந்தான்.

"அப்பாவுக்கு ரேடியோவைக் குடுத்துட்டு நீ டி.வி.க்கு மாறிட்டியா?" என்றான் கர்ட். "புத்தி வந்துச்சே."

*

வெள்ளிக்கிழமை மாலை ஆர்விட் பரணிலிருந்து இறங்கி வந்து, "அடிச்சேன்," என்றார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். பெரிய கலைமான், பத்துக் கிளைக் கொம்பு. வேலி ஓரத்தில் நின்றதாம்.

"வேலி ஓரமா?" கர்ட் புருவத்தைத் தூக்கினான். "அது முப்பத்தி அஞ்சு இருக்குமே."

"சக்கரத்தைத் திருப்பித்தான் வெச்சேன்."

பட்டைத் தாள் கிடந்த தன் வண்டியை லைல் திரும்பிப் பார்த்தான்.

மானை உடனே தேடக்கூடாது. பதற்றத்தில் இன்னும் ஓடும். காலையில் நால்வரும் போனார்கள். அம்பு வேலிக் கம்பத்தடியில் கிடந்தது. அதில் ஒட்டியிருந்தது வெள்ளை முடி. மானுக்கு வெள்ளை முடி நெஞ்சுக்குக் கீழே, வயிற்றோரம். அம்பு தாழ்வாகப் போயிருக்கிறது. முதலில் நிறைய ரத்தம், இலைமேல் கொட்டிவைத்ததுபோல. பிறகு துளி. தேவதாரு சதுப்புக்குள் போனதும் துளியும் நின்றது. ரோண்டா முழங்கால் அளவு சேற்றில் ஓடையின் இரு கரையையும் பார்த்தாள். கர்ட் மறுபுறத்து நிலத்துக்காரனைக் கேட்டுவந்தான். ஒன்றும் இல்லை. மான் எங்கேயோ உயிரோடு இருக்கிறது, அல்லது இல்லை. இரண்டில் எது என்று அவர்களுக்கு இனித் தெரியப்போவதில்லை.

நண்பகல் கொட்டகைக்குத் திரும்பினார்கள். யாரும் காலணியைக் கழற்றவில்லை. ஆர்விட் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குடிக்கவில்லை. கர்ட் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் வில்லை எடுத்துச் சக்கரத்தைப் பார்த்தான். வில்லில் அவனுக்குப் பாதி தெரியும் என்று சொன்னேன். தெரிந்த பாதி இது.

"இது உன் பட்டைடா." லைலைப் பார்த்தான். "உன் வில்லோட பட்டை. அப்பா வில்லுக்கு இது எப்படிடா பொருந்தும்? முப்பத்தி அஞ்சுல அம்பு அரையடி கீழ போகும். இது தெரியாதா உனக்கு?"

"தெரியும். மாத்தணும்னு சொன்னேன்."

"சொன்னியா? மாத்தினியா?"

கர்ட் சக்கரத்தை விரலால் தட்டினான்.

"கிழவன் தலையில கட்டிட்டுப் போயிட்ட. இப்ப மான் போச்சு. இது உனக்கு ரெண்டாவது."

"அம்பு விட்டது அப்பா," என்றாள் ரோண்டா.

"குடுத்தது இவன். அவரா கேட்டார்? நாற்பது வருஷமா அஞ்சு முள்ளுல அடிச்ச மனுஷன். இவன்தான் போய் நச்சரிச்சிருக்கான். ஏம்பா, நீங்க கேட்டீங்களா?"

எல்லோரும் ஆர்விட்டைப் பார்த்தார்கள். லைலும் பார்த்தான். அவன் அவரிடம் அதிகம் எதிர்பார்க்கவில்லை. 'ஆமாம், நான்தான் கேட்டேன்' என்றால் போதும். ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆர்விட் கோப்பைக்குள் பார்த்தார்.

"ரொம்ப வற்புறுத்தினான்," என்றார்.

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. கர்ட் வில்லை மேசைமேல் வைத்தான், முடிந்தது என்பதுபோல. லைலுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அவன் இந்தக் கொட்டகையை விட்டுப் போகவேண்டும். திங்கட்கிழமை இரவு ஆலைக்குப் போய், காலையில் திரை போட்ட அறைக்குத் திரும்பி, அவ்வளவுதான் மிச்சம்.

"அவருக்கு முள்ளு தெரியல," என்றான்.

"என்னது?"

"அஞ்சும் ஒண்ணாக் குழையுதாம். கண்ணு போயிடுச்சு. அதனாலதான் கேட்டார். உங்ககிட்ட சொல்லாதேன்னார்."

"பொய் சொல்றான்," என்றார் ஆர்விட்.

ரோண்டா எழுந்தாள். சுவரில் வரிசையாக மாட்டியிருந்த வில்களில் ஒன்றை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஜன்னலைப் பார்த்துப் பிடிங்கப்பா. எத்தனை முள்ளு?"

"இது என்ன விளையாட்டு?"

"எத்தனைன்னு சொல்லுங்க, போதும்."

ஆர்விட் வில்லை உயர்த்தினார். கண்ணைச் சுருக்கினார். விரித்தார்.

"அஞ்சு," என்றார் ஆர்விட். "அஞ்சுதானே இருக்கும்?"

"இது என் வில்லுப்பா," என்றாள் ரோண்டா. "இதுல மூணுதான்."

அவர் வில்லைத் தாழ்த்தவே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எண்ணினால் இன்னும் இரண்டு வந்துவிடும் என்பதுபோல. ரோண்டா மெதுவாக அதை வாங்கி மாட்டினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். அவர் கோட்டுப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அதில் வைத்தார். வாக்குவாதம் எதுவும் இல்லை. லைல் எதிர்பார்த்திருந்த சத்தம் எதுவும் வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கர்ட் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"சரி. அப்படின்னா இது உன் மான் இல்ல. உன் கணக்குல சேராது. நீ இருக்கலாம்."

அவனிடமிருந்து அது பெரிய விஷயம். லைல் தலையாட்டினான். காப்பி ஊற்றிக்கொள்ளலாம் என்று கோப்பையைத் தேடினான்.

"இல்ல," என்றார் ஆர்விட்.

மூவரும் திரும்பினார்கள்.

"உன் பொருளையெல்லாம் எடுத்துக்க."

"மான் என்னுது இல்லையே, ஆர்விட்."

"மானைப் பத்தி நான் பேசல. போன வருஷம் நீ மானைத் தொலைச்சப்ப உன்னை வெச்சுக்கிட்டேன். ஒரு பேச்சை வெச்சுக்கத் தெரியாதவனை என்னால வெச்சுக்க முடியாது."

"நீங்க என் தலையில போட்டீங்க. இவங்க முன்னாடி. என் மூஞ்சியைப் பார்க்காம போட்டீங்க."

"போட்டேன்." அவர் குரலில் வெட்கம் எதுவும் இல்லை. "நீ தாங்கியிருக்கணும். போன வருஷம் நான் தாங்கினேன்ல?"

"அப்பா, இது நியாயமில்ல," என்றாள் ரோண்டா.

"சாவியை வாங்கிட்டே இல்ல? நிலத்தை இன்னும் வாங்கல."

ரோண்டா சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். கர்ட் வேறு பக்கம் திரும்பி அடுப்பில் கட்டை போட்டான். இரண்டு கட்டை போதுமான இடத்தில் நான்கு போட்டான்.

லைல் சண்டை போடலாமா என்று யோசித்தான். வார்த்தைகள் எல்லாம் இருந்தன. எல்லாமே சரியான வார்த்தைகள். ஆனால் இரவு ஷிப்டில் ஒரு பழக்கம் வந்துவிடும். இயந்திரம் நின்றுபோனால் அதோடு வாதாடிப் பயனில்லை, மேலாளரைக் கூப்பிட வேண்டும். இங்கே மேலாளர் இவர்தான். அவன் தன் ஐந்து முள் வில்லை எடுத்தான். அம்புக்கூட்டை எடுத்தான். ஆணியில் தொங்கிய தன் மழைக்கோட்டையும், அலமாரியில் இருந்த தன் கோப்பையையும் எடுத்தான். ஆர்விட்டின் வில்லில் இருந்த ஒற்றை முள்ளைப் பார்த்தான். திருகாணியைக் கழற்ற ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் அவர்கள் முன்னால் நிற்க அவனால் முடியவில்லை. விட்டுவிட்டான்.

வாசலில் ரோண்டா கேட்டாள், "தூங்கினியா நீ?"

"இல்ல."

"பார்த்து ஓட்டு."

அவன் படியில் இறங்கினான். பனி தூறத் தொடங்கியிருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம், பிறகு ஆர்விட்டின் கனமான நடை. கதவைச் சாத்த மற்ற இருவரில் யாரையும் அவர் அனுப்பவில்லை, தானே வந்தார். கதவு சாத்தப்பட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கதவைப் பகலில் யாரும் பூட்டி லைல் பார்த்ததில்லை. உள்ளே சாவி துளையைத் தேடித் தடவியது, இருமுறை தவறியது, பிறகு பொருந்தித் திரும்பியது.